சனி தெரியலைன்னா, தெரியலைன்னு சொல்லுங்க

முதல் தடவை சனிக் கோளைத் தொலைநோக்கியில் பார்த்தபோது நான் பொய் சொன்னேன். 2016 மே மாதம், வாணியம்பாடியில் ஒரு பள்ளி மைதானம். எனக்கு முன்னால் நாற்பது பேர், பின்னால் முப்பது பேர். என் முறை வந்ததும் குனிந்தேன். தெரிந்தது என்னுடைய இமைமயிர் மட்டும்தான். "வளையம் தெரியுதாம்மா?" என்று வாத்தியார் கேட்டார். பின்னால் நிற்பவர்களின் மூச்சு முதுகில் படுகிறது. "ஆமா சார், ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். என் மகளும் அதையேதான் சொன்னாள். அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பது வீட்டுக்குப் போகிற வழியில் வெளியே வந்தது.

நான் பிளவுஸ் தைக்கிறவள். கண்ணை நம்பித்தான் பிழைப்பு. ஊசியில் நூல் கோக்கிற கண்ணுக்கு இத்தனை பெரிய கோள் தெரியவில்லையா என்ற ரோஷத்தில்தான் அந்த வாத்தியாரை மறுபடி தேடிப் போனேன். அவர் கூடவே நாலைந்து பேர் இருந்தார்கள். இப்போது ஏறக்குறைய இருபது பேர். பெயர்ப் பலகை கிடையாது, சந்தா கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குழு, இரண்டு தொலைநோக்கி, மூன்று பைனாகுலர், ஒரு பெரிய பிளாஸ்க். அவ்வளவுதான் எங்கள் சங்கம்.

துணி கொடுக்க வருகிறவர்கள், சுவரில் ஒட்டியிருக்கும் நிலாப் படத்தைப் பார்த்துவிட்டு, "நாங்களும் வரலாமாக்கா? என்ன வாங்கணும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அளவு எடுத்துக்கொண்டே சொன்னதை இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்

ஒன்றும் வாங்காதீர்கள். முதல் ஆறு மாதத்துக்கு ஒன்றுமே வேண்டாம். ஆன்லைனில் மூவாயிரம் ரூபாய்க்கு, பெட்டியில் பூதாகரமான சனிப் படத்தோடு ஒரு தொலைநோக்கி விற்கும். அதன் முக்காலி, காற்றடித்தால் கொடியில் காயும் துணி மாதிரி ஆடும். எங்கள் குழுவில் மட்டும் அப்படி நான்கு பரண்மேல் கிடக்கின்றன. "675 மடங்கு பெரிதாக்கும்" என்று போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். எத்தனை மடங்கு என்பது பெரிய சங்கதி இல்லை. கண்ணாடியின் குறுக்களவுதான் சங்கதி. அகன்ற பாத்திரத்தில் மழைத்தண்ணீர் அதிகம் பிடிக்கிற மாதிரி, அகன்ற கண்ணாடி வெளிச்சத்தை அதிகம் பிடிக்கும்.

ஆறு மாதம் அடுத்தவர் கருவியில் பார்த்த பிறகும் ஆசை இருந்தால் 10×50 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே நல்லது கிடைக்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நான்கு நிலாக்களும் அதில் தெரியும். அதற்கும் பிறகு எட்டு அங்குலக் கண்ணாடி கொண்ட டாப்சோனியன் தொலைநோக்கி. மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் பீரங்கி போல இருக்கும். மோட்டார் கிடையாது, கையால்தான் தள்ள வேண்டும். எங்களுடையது 1200 மில்லிமீட்டர் குவியத் தூரம் கொண்டது. 25 மில்லிமீட்டர் கண்ணருகு வில்லையைப் போட்டால் 48 மடங்கு, 10 மில்லிமீட்டர் போட்டால் 120 மடங்கு. வகுத்துப் பாருங்கள், கணக்கு அவ்வளவுதான்.

குழுவை எங்கே பிடிப்பது

உங்கள் ஊரில் இருக்காது என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான் நினைத்தேன். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கிளை உங்கள் மாவட்டத்தில் இருக்கும். கிரகணம் வந்தால் தெருவில் நின்று கண்ணாடி கொடுப்பவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான். சென்னையில் பிர்லா கோளரங்கம், திருச்சியில் அண்ணா அறிவியல் மையத்தின் கோளரங்கம், கோவையில் மண்டல அறிவியல் மையம், வேலூரிலும் திருநெல்வேலியிலும் மாவட்ட அறிவியல் மையங்கள். அங்கே வேலை பார்ப்பவர்களிடம் "இந்த ஊரில் சொந்தமாகத் தொலைநோக்கி வைத்திருப்பவர் யார்?" என்று கேளுங்கள். நிச்சயம் ஒருவரைக் காட்டுவார்கள். அவர் உங்களை விடமாட்டார். இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குக் காட்டுவதற்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

ஆளைப் பிடித்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். அடுத்து எப்போது போகிறீர்கள்? பெண்கள் வருகிறார்களா? இரண்டாவது கேள்விக்குத் தயங்கிப் பதில் சொன்னால் அடுத்த குழுவைத் தேடலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜாதகம் பார்க்கும் இடம் என்று நினைத்து வருகிறவர்களும் உண்டு. ஒரு பெரியவர் வரிசையில் நின்று, கிட்டே வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கு ஏழரை நடக்குது, பார்க்கலாமாம்மா?" என்றார். "நீங்க பாருங்கய்யா, அவரும் உங்களை ஒரு தடவை நேரா பார்த்துட்டுப் போகட்டும்" என்றேன். பார்த்தார். அவருக்கு வளையம் முதல் தடவையிலேயே தெரிந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமை.

காலண்டரைக் கிழிக்கும்போது

வானம் பார்க்க உங்களுக்குத் தேவையான முதல் கருவி ஏற்கெனவே வீட்டுச் சுவரில் தொங்குகிறது. தினசரி காலண்டரில் அமாவாசை எந்த நாள் என்று பாருங்கள். அதற்கு மிகவும் பக்கத்தில் வரும் சனிக்கிழமைதான் எங்கள் மலைப்பயணம். நிலா இருந்தால் மங்கலானது எதுவும் தெரியாது. பௌர்ணமி தாண்டினால் நிலா ஒவ்வொரு நாளும் சராசரி 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். அதனால் பௌர்ணமி முடிந்து நான்கைந்து நாளான பிறகு முன்னிரவில் இரண்டு மூன்று மணி நேரம் இருட்டு கிடைக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது போதும்.

நிலாவையே பார்க்க வேண்டும் என்றால் பௌர்ணமிக்கு வராதீர்கள். எல்லாரும் பௌர்ணமிக்குத்தான் போன் போடுகிறார்கள். அன்றைக்கு வெயில் நிலாவின்மேல் நேராக விழுகிறது, நிழல் இல்லை, வெள்ளைத் தட்டு போலத் தட்டையாக இருக்கும். வளர்பிறை அஷ்டமிக்கு வாருங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டோரம் பள்ளங்களின் விளிம்பு நீளமாக நிழல் விட்டிருக்கும். துணியில் மடிப்பு தெரியவேண்டுமானால் விளக்கைப் பக்கத்தில் வைக்க வேண்டும், தலைக்குமேல் வைக்கக் கூடாது. தையல்காரிக்கு இது புதிதில்லை.

அதே காலண்டரில் "இன்றைய நட்சத்திரம்" என்று ஒரு வரி இருக்கும். நல்ல நேரம் பார்க்கிறவர்கள் பார்ப்பது அது. நான் வேறு காரியத்துக்குப் பார்க்கிறேன். ரோகிணி என்று போட்டிருந்தால் நிலா அன்றைக்கு வானத்தில் ரோகிணி இருக்கும் பகுதியில் இருக்கிறது என்று அர்த்தம். அந்தி கழிந்ததும் நிலாவைப் பாருங்கள். சற்றுத் தள்ளி ஆரஞ்சு நிறத்தில் ஒன்று மின்னும், அதுதான். மகம், சித்திரை, கேட்டை எல்லாவற்றையும் நான் இப்படித்தான் பிடித்தேன். ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஒரு கைமுட்டி தூரம் தள்ளியும் இருக்கலாம். சுவாதியும் திருவோணமும் இன்னும் மோசம், நிலாவின் பாதையை விட்டு வெகு தூரம் வடக்கே நிற்கும். கையை நீட்டிப் பிடித்தால் உங்கள் முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. வாத்தியார் எதையும் மீட்டரில் சொல்ல மாட்டார், "ரெண்டு முட்டி மேல, அரை முட்டி இடது" என்பார்.

மாதம் என்று கேட்டால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை எங்களுக்கு நல்ல காலம். மே மாதம் வெயில் புழுதி, ஆனாலும் ஒரே ஒரு காரணத்துக்காகப் போவோம். ஜூனிலிருந்து மேகம் ஓடிப்பிடித்து விளையாடும். ஐப்பசி, கார்த்திகையில் வானத்தை மறந்துவிடலாம்.

அந்த மே மாதக் காரணம் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து. வடக்கே குளிர் நாடுகளில் பெரிய பெரிய கருவி வைத்திருப்பவர்கள் பலருக்கும் அது அடிவானத்துக்கு மேலேயே வராது. நமக்கு மே மாதம் இரவு பத்து மணிவாக்கில் தெற்கே மூன்று முட்டி உயரத்தில் நிற்கும். வெறுங்கண்ணுக்குப் பஞ்சு ஒட்டிய மாதிரி ஒரு புள்ளி. எட்டு அங்குலத்தில் பார்த்தால் ரவையைக் கொட்டிய மாதிரி. சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு கோடி நட்சத்திரம் அளவுக்கு அடைந்து கிடக்கிறது. அதற்குக் கீழே, சற்று வலது பக்கமாகத் தென்சிலுவை. பிப்ரவரியில் வந்தால் தெற்கே அகத்தியர் நட்சத்திரம், வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். இதற்கெல்லாம் பதிலாகத் துருவ நட்சத்திரம் நமக்கு ஒன்றே கால் முட்டி உயரம்தான். எங்கள் மலையில் அந்தப் பக்கம் ஒரு குன்று மறைத்துக்கொண்டிருக்கிறது. எட்டு வருடத்தில் அங்கிருந்து நான் அதைப் பார்த்ததே இல்லை.

மலைக்குப் போவது

வாணியம்பாடி சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிறது. ராத்திரி முழுக்க லாரி வெளிச்சம், தோல் தொழிற்சாலை வெளிச்சம். வேட்டைக்காரன் (ஓரியன்) நட்சத்திரக் கூட்டத்தின் நான்கு மூலைக்குள் என் மொட்டைமாடியிலிருந்து எண்ணினால் இடுப்பிலிருக்கும் மூன்றையும் சேர்த்து ஐந்து நட்சத்திரம் தேறும். ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையேறிவிட்டால் எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிடுவேன். உங்கள் ஊர் இருட்டை அளக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. எங்களோடு வரும் லைன்மேன் அண்ணன் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். "முப்பது வருஷம் லைட்டு எரிய வெச்சேன். இப்ப அணைங்கடான்னு கெஞ்சறேன்" என்பார்.

இடம் பார்க்கும்போது காப்புக்காட்டுக்குள் நுழையாதீர்கள். ராத்திரியில் அங்கே இருக்க அனுமதி இல்லை, பாம்பும் கரடியும் அனுமதி கேட்டு வருவதில்லை. தெரிந்தவர் நிலம்தான் சரி. எங்களுக்கு ஒரு சாமைக் காட்டின் களம் கிடைத்தது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பாட்டி வீட்டில் சாமையும் தேனும் வாங்கிக்கொண்டுதான் இறங்குவோம். ஊர்ப் பெரியவர்களிடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் பயணத்தில் நாங்கள் சொல்லவில்லை. இரவு பதினொரு மணிக்கு நீளமான குழாயைச் சுமந்துகொண்டு விளக்கில்லாமல் நடக்கும் ஆறு பேரைப் பார்த்தால் யார்தான் ஆடு திருட வந்தவர்கள் என்று நினைக்க மாட்டார்கள்? பத்துப் பேர் தடியோடு வந்துவிட்டார்கள். டார்ச்சை எங்கள் முகத்தில் அடித்தார்கள். வாத்தியாருக்கு அப்போதும் கவலை, "கண்ணு இருட்டுக்குப் பழகி அரைமணி நேரம் ஆச்சுங்க, லைட்டைக் கீழே பிடிங்க" என்றார். அதைக் கேட்டுத்தான் இவர்கள் திருடர்கள் இல்லை, வேறு ஏதோ கோளாறு என்று முடிவு செய்தார்கள்.

இப்போது பெண்கள் விஷயம். எங்கள் விதி: குறைந்தது மூன்று பெண்கள் இல்லாவிட்டால் அந்தப் பயணத்துக்கு ஒரு பெண்ணையும் கூட்டிப்போக மாட்டோம். எல்லாரும் ஒரே வேன். தனித்தனி பைக் கிடையாது. போன தடவை தலைக்கு 180 ரூபாய் ஆனது. கழிப்பறை இருக்கும் வீடு எது என்று வேன் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்; "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்கிற பதில் செல்லாது. வீட்டில் கேட்டால் காட்டுவதற்கு, வருகிறவர்கள் பெயரும் போன் நம்பரும் எழுதிய தாள் ஒன்றை எல்லாருக்கும் கொடுக்கிறோம். இந்த விதிகளை எழுதியது நான்தான், முதல் வருடம் ஆண்கள் முணுமுணுத்தார்கள். இப்போது அவர்கள் மனைவிகளும் வருகிறார்கள், அதனால் முணுமுணுப்பு வேறு பக்கம் போய்விட்டது.

எடுத்து வர வேண்டியவை: பாய், ஸ்வெட்டர் (ஏப்ரலிலும்), மூடிய செருப்பு, தண்ணீர், வறுத்த கடலை. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று நான்கு மடிப்பாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுங்கள். சிவப்பு மங்கல் வெளிச்சம் கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுக்காது. வெள்ளை வெளிச்சம் ஒரு நொடி பட்டாலும் மறுபடி இருபது முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். செல்போனைப் பையில் போட்டு மூடிவிடுங்கள். நான் எல்லாருக்கும் கறுப்புத் துணியில் முக்காடு ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்றரை மீட்டர் துணி, இரண்டு தையல். தலைமேல் போட்டுக்கொண்டு குனிந்தால் பக்கத்து வெளிச்சம் வராது. பார்க்கச் சகிக்காது, ஆனால் மங்கலான நெபுலா (விண்வெளியில் இருக்கும் வாயு, தூசு மேகம்) தெரிவதில் பெரிய வித்தியாசம் உண்டு.

தை மாதத்தில் பனி கொட்டும், வில்லைமேல் படியும். முந்தானையால் துடைக்காதீர்கள். நான் துடைத்தேன். கஞ்சி போட்ட காட்டன். அந்த வில்லையில் இன்றைக்கும் நிலா ஒரு கீறலோடுதான் உதிக்கிறது. பனி படியாத வில்லை வேண்டுமானால் குழாய் வாயில் ஒரு முழம் நீளத்துக்கு ஃபோம் ஷீட்டைச் சுருட்டிக் கட்டினால் போதும்.

குனிந்த பிறகு

வரிசையில் நின்று உங்கள் முறை வந்துவிட்டது. குழாயைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் நகரும், பின்னால் இருக்கிறவர்கள் காத்திருக்க, வாத்தியார் மறுபடி தேடுவார். கைகளை முழங்கால்மேல் வையுங்கள். கண்ணை வில்லைக்கு ஒட்டாமல், ஒரு விரல் இடைவெளியில் கொண்டுபோங்கள். தலையை மெதுவாக அசைத்தால் ஓரிடத்தில் வட்டமாக வெளிச்சம் திறக்கும். அதுவரை தெரிவதெல்லாம் உங்கள் இமைமயிர்தான், நான் பார்த்தது அதைத்தான். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக் கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடலாம், குவியத்தைத் திருகினால் சரியாகிவிடும். மற்றக் கண்ணை இறுக்கி மூடாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொள்ளுங்கள். முகம் சுருங்காது.

பத்து மூச்சு இழுத்துவிடும் நேரம் பாருங்கள். காற்று அலையும்போது சனி தண்ணீருக்கடியில் கிடக்கிற காசு மாதிரி நடுங்கும், திடீரென்று ஒரு நொடி அசையாமல் நிற்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் நிற்கிறோம். 120 மடங்கில் ஒன்றரை நிமிடம் போல ஆனதும் அது பார்வையைவிட்டு ஓடிவிடும். ஓடுவது அது இல்லை, நாம்.

மங்கலானதைப் பார்க்கும்போது நேராகப் பார்க்காதீர்கள். கண்ணின் நடுவில் இருப்பவை நிறம் பார்க்கும் செல்கள். இருட்டில் வேலை செய்பவை சுற்றிலும் இருக்கின்றன. அதனால் பார்க்க வேண்டியதற்குச் சற்றுப் பக்கத்தில் பார்வையை வைத்தால் அது ஓரத்தில் எழும்பி வரும். ஓரக்கண்ணால் பார்ப்பது நமக்குப் புதுசா என்ன.

தெரியாவிட்டால், "தெரியலை" என்று சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள். குவியம் நகர்ந்திருக்கலாம், கோள் ஓடிப்போயிருக்கலாம், யாரோ குழாயைத் தட்டியிருக்கலாம். உங்களுக்கு முன்னால் பார்த்த பத்துப் பேரும் "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள், ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஒரு பொதுநிகழ்ச்சியில் அரைமணி நேரம் எல்லாரும் வேப்பங்கிளையைப் பார்த்துப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு வயதுப் பையன் ஒருவன் வந்துதான் "இலை" என்றான். நான் சனியின் வளையத்தை உண்மையிலேயே பார்த்தது, முதல் பொய்க்கு மூன்று மாதம் கழித்து. அன்றைக்கு "தெரியலை சார்" என்றேன். அவர் திருகினார், "இப்ப?" "இல்லை." இன்னும் கொஞ்சம் திருகினார். வந்துவிட்டது. அது இருக்கும் அளவு ஒரு கடுகுதான். ஆனால் கடுகைச் சுற்றி வளையம். அந்த வருடங்களில் வளையம் நன்றாக விரிந்திருந்தது. 2025 மார்ச்சில் அது நமக்குப் பக்கவாட்டாகத் திரும்பி ஒரு கோடாகப் போனது. இப்போது மெல்ல மறுபடி விரிகிறது.

பார்ப்பதற்கு மேலே ஒரு வேலை

ஐந்தாறு தடவை வந்தபின் சும்மா பார்ப்பது சலிக்கும். அப்போதுதான் குழு உண்மையில் உதவும்.

டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிமீன் மழை. புனர்பூசத்துக்குப் பக்கத்திலிருந்து சிதறும், நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு உச்சம். நான்கு பேர் தலையோடு தலை சேர்த்து, கால்களை நான்கு திசைக்கு நீட்டிப் படுத்துக்கொள்வோம். எண்ணிக்கையை எழுத விளக்கு போட்டால் கண் கெடும், மனசில் வைத்தால் மறந்துபோகும். என் யோசனை புளியங்கொட்டை. இடது பக்கப் பையில் நூறு கொட்டை. ஒரு எரிமீன் விழுந்தால் ஒரு கொட்டை வலது பைக்கு. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சிவப்பு விளக்கில் எண்ணிக் குறிப்போம். 2023-இல் அமாவாசையை ஒட்டி வந்தது, வானமும் விட்டுக்கொடுத்தது. ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் என் வலது பை அறுபதைத் தாண்டியது. பக்கத்தில் படுத்திருந்த கல்லூரிப் பெண்ணுக்கு நாற்பதுதான். "அக்கா, நான் தப்பா எண்ணிட்டேனா?" என்றாள். இல்லை, அவள் பார்த்த திசையில் மரம் இருந்தது. மரம் இருந்தது என்பதையும் எழுதினோம்.

இன்னொன்று நட்சத்திர வெளிச்சத்தை மதிப்பிடுவது. கருவி வேண்டாம், நகரத்து மாடியே போதும். 2019 கடைசியிலிருந்து திருவாதிரை மங்கிக்கொண்டே வந்தது. வாத்தியார் சொல்லிக்கொடுத்த முறை இது: ரோகிணியின் வெளிச்ச அளவு ஏறக்குறைய 0.9, வேட்டைக்காரனின் இன்னொரு தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸ் 1.6. எண் கூடினால் வெளிச்சம் குறைவு. திருவாதிரை இந்த இரண்டில் எதற்குக் கிட்டே இருக்கிறது? நடுவிலா, முக்கால் பங்கா? அதைப் பின்னமாக எழுத வேண்டும். சுருதி பார்ப்பது மாதிரி. 2020 பிப்ரவரியில் இரண்டு தோளும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம். நான் 1.5 என்று எழுதினேன், லைன்மேன் அண்ணன் 1.3 என்றார். ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எழுதுவது கட்டாயம். பார்த்துவிட்டால் கண் மற்றவர் எண்ணுக்குத் தோதாக மாறிவிடும். அந்த நட்சத்திரமே கக்கிய தூசும் அதன் மேற்பரப்பில் குளிர்ந்த ஒரு திட்டும்தான் காரணம் என்று பின்னால் விளக்கினார்கள்.

பகலிலும் வேலை உண்டு. ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் எங்கள் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிமிர்த்தி வைத்த டம்ளருக்கு நிழல் இருக்காது. கடிகாரத்தில் 12 மணிக்கு இல்லை, ஏப்ரலில் ஏறக்குறைய 12.14-க்கு. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கிலேயே வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளோடு செய்ய இதைவிட நல்லது இல்லை. செலவு ஒரு டம்ளர்.

சூரியனை மட்டும் வடிகட்டி இல்லாத எந்தக் கருவியிலும் பார்க்காதீர்கள். எக்ஸ்ரே படம், புகைபிடித்த கண்ணாடி, சாணித்தண்ணீர் எதுவும் வேண்டாம். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணம் கோவை, கரூர், திண்டுக்கல் பக்கம் முழு வளையமாகத் தெரிந்தது. எங்கள் ஊரில் பிறைதான். கண்ணாடி பத்துப் பேருக்குத்தான் இருந்தது. நான் வீட்டிலிருந்து முறுக்கு அச்சு எடுத்துவந்தேன். ஓமப்பொடித் தட்டை வெயிலில் பிடித்தால் வெள்ளைத் துணியில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு குட்டிப் பிறை விழுந்தது. கிரகண நேரத்தில் சமையல் பாத்திரத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அத்தையே, தேன்குழல் தட்டையும் கொண்டுவந்து பிடித்துப் பார்த்தார். அடுத்த கங்கணம் 2031 மே 21, கேரளத்திலும் தென்மாவட்டங்களிலும். அதுவரை தட்டுகளைத் தொலைக்காமல் வையுங்கள்.

மழைக்காலத்தில் லைன்மேன் அண்ணன் தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்ப்பார். ஆறு அங்குலக் கண்ணாடி வட்டு இரண்டு, நடுவில் தண்ணீரும் கார்போரண்டம் பொடியும். முதலில் 80 நம்பர் கரகரப்பு, கடைசியில் மாவு மாதிரி. மேல்வட்டு குழியும், கீழ்வட்டு புடைக்கும். 1200 மில்லிமீட்டர் குவியத் தூரத்துக்கு நடுவில் வேண்டிய பள்ளம் சுமார் 1.2 மில்லிமீட்டர்தான். அதற்கு இரண்டு மாதம் ஆனது. பொறுமை இல்லாதவர்களை அவர் அந்த அறைக்குள் விடுவதில்லை. என்னை விடுவார்.

காவலூர்

ஜவ்வாது மலைக்கு வருகிற எல்லாரும் கேட்பது காவலூர். வைணு பாப்பு வான்நோக்கு நிலையம் கடல் மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி, 1986-இல் அதற்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. யுரேனஸுக்கும் வளையம் உண்டு என்று 1977 மார்ச் 10 அன்று தெரியவந்ததே, அதைப் பதிவு செய்த இடங்களில் இதுவும் ஒன்று. 4130 ராமானுஜன் என்ற குறுங்கோளையும் 1988-இல் இங்கிருந்துதான் கண்டுபிடித்தார்கள். பொதுமக்களுக்குச் சனிக்கிழமைதான், போகுமுன் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். அதில் கருவிகள்தான் பார்க்கின்றன. வானம் தெளிவாக இருந்தால் சிறியதொன்றில் காட்டுவார்கள். மலையில் காரை ஓட்டும்போது ஹைபீமை அணைத்து ஓட்டுங்கள்.

நோட்டு

கடைசியாக ஒன்று வாங்கலாம்: நாற்பது பக்க நோட்டு. தேதி, இடம், நேரம், வானம் எப்படி, எதில் பார்த்தேன், என்ன தெரிந்தது. புத்தகத்தில் இருப்பதை எழுதாதீர்கள், உங்கள் கண்ணில் பட்டதை எழுதுங்கள். நான் நோட்டை அளவு நோட்டின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அதனால் ஒரு பக்கம் யாரோ ஒருவருடைய தோள் 14, கை 6 என்று இருக்கும், திருப்பினால் வியாழனின் நிலாக்கள் வரிசை.

எம் 33 என்று ஒரு விண்மீன் மண்டலம். ஆண்ட்ரோமெடாவுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. நல்ல இருட்டில் பைனாகுலரிலேயே தெரியும் என்கிறார்கள், வாத்தியாருக்குத் தெரிகிறது, அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கும் தெரிகிறது. என் நோட்டில் அதற்கு நான்கு பதிவு. நான்கு தேதி, நான்கிலும் ஒரே சொல்: தெரியலை. நான்காவதில் மட்டும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். தை அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை மறுபடி போகிறோம். அது மேற்கே இறங்குவதற்குள் பிடிக்க வேண்டும், அதனால் வேன் நாலரைக்கே கிளம்பும். வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், தைத்த பிளவுஸ் வாங்கவேண்டியவர்களும் அதற்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.